புதுப்பிப்பு: லிஸ்பன் ஓட்டல், போய்விட்டு வந்தாச்சு

போன மாதம் கேட்டிருந்தேனே, லிஸ்பனில் மூன்று இரவுக்கு, மேட்டிலுள்ள பழைய பகுதியான அல்ஃபாமாவில் அழகான சின்ன ஓட்டலா, ரயில் நிலையம் பக்கம் சாதாரண ஓட்டலா என்று. பலரும் "பெட்டியை யோசியுங்க" என்றீர்கள். கேட்கவில்லை, அழகையே எடுத்தோம்.

பெட்டி விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி. 1755 நிலநடுக்கத்தில் நகரத்தின் பெரும்பகுதி நாசமானபோதும் அல்ஃபாமா பெருமளவு தப்பியது. அதனால் சந்துகள் இன்னும் பழைய அகலம்தான். டாக்சி கீழேயே இறக்கிவிட்டது. வழுவழுவென்று கல் பாவிய ஏற்றம், கையில் 23 கிலோ, போய்ச் சேர்ந்தால் லிஃப்ட் கிடையாது.

அறை? படத்தைவிட அழகு. கட்டிலுக்குப் பின்னால் முழுச் சுவருக்கும் நீல வெள்ளை அசுலேஜு, அதாவது போர்ச்சுகலின் சித்திரம் தீட்டிய பளபளப்பான சுவர் ஓடுகள். ஒன்றின் மூலை உடைந்திருந்தது, மாற்றாமல் அப்படியே விட்டிருந்தார்கள். சன்னலைத் திறந்தால் தேஜோ ஆறு. ஆனால் குளியலறைக்குக் கதவே இல்லை, வெறும் கண்ணாடித் தடுப்பு. நல்லவேளை, அத்தையைக் கூட்டிப் போகவில்லை! வெந்நீர் கெட்டிலும் இல்லை.

அப்புறம் நகர வரி. ஆளுக்கு ஓர் இரவுக்கு 4 யூரோ. எங்கள் முன்பதிவுத் தொகையில் அது சேரவில்லை. இருவருக்கும் 24 யூரோ கிளம்பும்போது கட்டினோம்.

பழைய நகரத்துச் சந்துகள் வழியே ஓடும், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் 28ஆம் எண் டிராம் பற்றிக் கேட்டவருக்கு: காலை ஏழரைக்கு ஏறினோம், உட்கார இடம் கிடைத்தது. பத்து மணிக்கு அதே நிறுத்தத்தில் வரிசை தெருமுனை வரை.