நெஞ்செரிச்சலே இல்லாத அமில எதுக்களிப்பு: தொண்டைச் செருமல் நிற்க என்ன வழி?

கேள்வி (கோத்தகிரி): நெஞ்சு எரியவில்லை. காலையில் குரல் கரகரப்பு, தொண்டையில் உருண்டை நிற்பதுபோல், ஓயாத செருமல். டிபனுக்கு அப்புறம் பான்டோபிரசோல் 40 மி.கி. (வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை), மூன்று வாரமாக. பலன் இல்லையே?

பதில் 1: மாத்திரை போடும் நேரமே தப்பு. வெறும் வயிற்றில் போட்டு, 30 முதல் 60 நிமிடம் கழித்துச் சாப்பிடணும். சாப்பாடு அமிலச் சுரப்பைத் தூண்டும்போது மருந்து ரத்தத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். தொண்டைக்கு மூன்று வாரம் போதாது. 8 முதல் 12 வாரம் ஆகும். டாக்டரைக் கேட்காமல் டோஸைக் கூட்டாதீங்க.

பதில் 2: மாத்திரை அமிலத்தைத்தான் குறைக்கும், மேலே ஏறுவதைத் தடுக்காது. கூடவே வரும் பெப்சின் (வயிற்றில் புரதத்தைச் செரிக்கும் நொதி) தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை அமிலம் பட்டதும் விழித்துக்கொள்ளும். அதனால் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 15 செ.மீ. மரக்கட்டை வையுங்க. தலையணை அடுக்கினால் இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்தும். இடதுபக்கம் சாய்ந்து படுங்க. நம்ம ஊர்க் குளிருக்கு எட்டரைக்கே கம்பளிக்குள் போறவங்க ஐந்தரைக்குள் சாப்பாட்டை முடிக்கணும், மூன்று மணி இடைவெளி வேணுமே!

பதில் 3: ராத்திரி டீயும் வர்க்கியும், ஊட்டி சாக்லேட்டும் வேண்டாம். செருமல் வந்தால் ஒரு மடக்கு வெந்நீர். செருமச் செருமக் குரல்நாண் வீங்கும். விழுங்கச் சிரமம், ரத்தம், எடை குறைவு, நாலு வாரம் தாண்டிய குரல் கம்மல் இருந்தால் காது-மூக்கு-தொண்டை டாக்டரிடம் லாரிங்கோஸ்கோபி (குரல்வளையை உள்ளே பார்க்கும் பரிசோதனை) பார்த்துடுங்க.