புதுப்பிப்பு: அம்மம்மாவின் புதுப் போன்

யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மம்மாவுக்குப் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கியாச்சு, கனடாவில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு அவ தொடர்பில் இருக்க எதையெதை மாற்றிக் கொடுக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

அதிகம் உதவியது குரல் தட்டச்சுதான். கூகுளின் விசைப்பலகைச் செயலியான ஜிபோர்டில் குரல் தட்டச்சு மொழியாகத் தமிழ் (இலங்கை) தனியாகவே இருக்கிறது. மைக்கை அழுத்தி, "தங்கச்சி, அங்க இப்ப குளிரோ?" என்று அம்மம்மா கேட்க, எழுத்துகள் வரிசையாக வந்து விழுந்தன. கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புவா. பிழை கண்டால் வாட்ஸ்அப்பில் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம் என்றதும் அவவுக்குப் பெரிய நிம்மதி.

அடுத்தது வீடியோ. நல்லூர்த் தேரன்று வீதியில் எடுத்ததை அனுப்பினால் மங்கலாகப் போகிறது என்றும் முன்பு கேட்டிருந்தேன். வாட்ஸ்அப் சுருக்கி அனுப்புவதுதான் காரணம். அனுப்பும் முன் எச்டி (கூடுதல் தெளிவு) தெரிவு செய்தால் பரவாயில்லை. எடுத்தபடியே போக வேண்டுமென்றால் ஆவணமாக இணைக்க வேண்டும், 2 ஜிபி வரை போகும். வீடியோ எடுக்கும் தெளிவு அளவுகளில், 4கே படத்தில் 1080பி-யை விட நான்கு மடங்கு புள்ளிகள், கோப்பும் பெரிதாகும். டேட்டாவை யோசித்து கேமராவை 1080பி-யிலேயே விட்டுவிட்டேன்.

எழுத்தைப் பெரிதாக்கி, திரைகளுக்கிடையே போக விரலால் தள்ளும் முறையை நிறுத்தி, அதற்குப் பதிலாகக் கீழே மூன்று பொத்தான்களைக் கொண்டுவந்தேன். சரி, இப்போது வீட்டில் எல்லோரையும் விட அவதான் கூடுதலாக மெசேஜ் போடுறா.