மருந்துநீக்கமா, படியிறக்கமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வயது முதிர்ந்தவர்களின் பிரஷர் மாத்திரைகளை மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைக்கும் முறைக்கு 'மருந்துநீக்கம்', 'மருந்துக் குறைப்பு' என்ற இரு சொற்கள் முன்வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை.

கிளினிக் கொப்பியில் 'நீக்கம்' என்றிருந்தால், அதை வாசித்துச் சொல்லும் பேத்தி "மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்" என்றுதான் பாட்டியிடம் சொல்வாள். அட்டெனொலோல் என்ற பிரஷர் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் இதயம் படபடக்கும், நெஞ்சுவலியும் வரலாம். குளோனிடின் என்ற இன்னொரு பிரஷர் மாத்திரையை அப்படி நிறுத்தினால் அழுத்தம் முன்னைவிட மேலே பாயக்கூடும். 'குறைப்பு' என்றாலோ இலங்கையில் பொருளாதார நெருக்கடி வந்த 2022 நினைவுக்கு வருகிறது. மருந்து இல்லை, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்த காலம் அது. தேயிலைத் தோட்டத்து மக்கள் இதையும் இன்னொரு வெட்டாகவே எடுத்துக்கொள்வார்கள்.

ஆனால் இந்தச் சிகிச்சை முறை நமக்கு மிகவும் தேவை. பிரசோசின் என்ற பிரஷர் மாத்திரையோடு வேறு இரண்டு மாத்திரைகளும் எடுக்கும் முதியவர், இரவில் லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து) வெளிக் கழிப்பறைக்குப் போக எழும்போது தலைசுற்றி விழக்கூடும். எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் (பிரஷர் அளவில் முதலில் சொல்லும் எண்) 20 மி.மீ. இறங்குகிறதா என்று அளந்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

இங்கிலாந்தில் 80 வயதும் அதற்கு மேலும் ஆன 569 பேரிடம் நடந்து, 2020இல் வெளிவந்த ஆப்டிமைஸ் ஆய்வைப் பாருங்கள். எல்லோருக்கும் மேல் அழுத்தம் ஏற்கெனவே 150க்குக் கீழே இருந்தது. அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்களைச் சேர்க்கவில்லை. ஒரு பிரிவினருக்கு ஒரு மருந்தை மட்டும் விலக்கினார்கள். 12 வாரங்களுக்குப் பிறகு அவர்களில் 86 சதவீதத்தினர் 150க்குக் கீழேயே இருந்தார்கள். வழக்கம்போல் மருந்து எடுத்தவர்களில் 88 சதவீதத்தினர். மருந்து விலக்கியவர்களின் மேல் அழுத்தம் மற்றப் பிரிவினரைவிடச் சராசரியாக 3.4 மி.மீ. கூடியிருந்தது. 12 வாரம் குறுகிய காலம்தான். பக்கவாத ஆபத்தைப் பற்றி அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: மருந்து விலக்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர்தான் குறைத்த நிலையில் நீடித்தார்கள். மற்றவர்களுக்குத் திரும்பும் வழி திறந்திருந்தது.

அந்த வழியையும் சொல் காட்ட வேண்டும். ஆகவே 'மருந்துப் படியிறக்கம்' என்கிறேன். வினையாக, 'படியிறக்குதல்'. அழுத்தம் கூடினால் மருந்தைத் திரும்பத் தொடங்குவதற்கு 'மீளேற்றம்'. படிகளிலேயே வாழும் மலையக மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கொப்பியில் இப்படி எழுதலாம்: "படியிறக்கம் – நிபெடிபின் மட்டும். மற்றவை தொடரவும். 4 வாரத்தில் படுத்தும் நின்றும் அளக்கவும்." ஹட்டன், பதுளைப் பக்கம் கிளினிக்கில் வேலை செய்பவர்கள், நோயாளிகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.