மறு: பெயின்ஸ்டேக்கிங், டிஸ்கம்ஃபர்ட் – ‘வலி’ வேண்டாமே

நண்பர்களுக்கு வணக்கம்,

பெயின்ஸ்டேக்கிங் (painstaking, மிகுந்த கவனத்தோடு பாடுபட்டுச் செய்வது), டிஸ்கம்ஃபர்ட் (discomfort, வலி என்று சொல்ல முடியாத உடல் தொந்தரவு) என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ் கேட்ட இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். முதல் சொல்லுக்கு ‘வலிதாங்கு உழைப்பு’ என்று ஒருவர் முன்வைக்க, அதற்கு இரண்டு பேர் ஆமாம் போட்டதும்தான் எழுத உட்கார்ந்தேன்.

பெயின்ஸ்டேக்கிங் என்பதை உச்சரிக்கும்போது ‘ஸ்’ அடுத்த அசையோடு ஒட்டிக்கொள்வதால் பெயின் + ஸ்டேக்கிங் என்று காதில் விழுகிறது. உண்மையில் அது பெயின்ஸ் + டேக்கிங். அந்தப் பெயின்ஸ் வலி அல்ல, பாடு. இலத்தீன் ‘போயினா’வுக்குத் தண்டனை என்று பொருள், பீனல், பெனால்டி எல்லாம் அதே வீட்டுப் பிள்ளைகள். தண்டனை துன்பமாகி, துன்பம் ஒரு பக்கம் உடல்வலியாகவும் இன்னொரு பக்கம் ஒரு வேலைக்காகப் படும் பாடாகவும் பிரிந்தது. நாம் எடுக்க வேண்டியது இரண்டாவதை.

இதில் வியக்க ஒன்றுமில்லை, நம் சொற்களும் இப்படித்தான். ‘சிரமம் எடுத்துக்கொண்டு வந்தீர்களே’ என்கிறோம், ‘மூச்சு விடச் சிரமமாக இருக்கிறது’ என்றும் சொல்கிறோம். வருந்தி வருந்தி அழைத்தார்கள் என்றால் அங்கே யாருக்கும் வருத்தம் கிடையாது, விடாமல் முயன்றார்கள், அவ்வளவுதான். குறள் 619-இல் வரும் ‘மெய்வருத்தக் கூலி’யும் முயற்சிக்குத்தான். ஆனால் இன்றைக்கு ‘வருந்தித் தொகுத்த அகராதி’ என்று எழுதிப் பாருங்கள், தொகுத்தவர் ஏதோ மன்னிப்புக் கேட்கிறார் என்றே படிப்பவர் நினைப்பார்.

சரி, பரிந்துரைகளுக்கு வருகிறேன். ‘கடும் உழைப்பு’ போதாது, மூட்டை தூக்குவதும் கடும் உழைப்புதான். இங்கே கேட்பது கவனம். ‘நுண்ணுழைப்பு’ எழுத்தில் அழகாக இருக்கிறது, வாய்விட்டுச் சொன்னால் ‘நுழைப்பு’ என்று கேட்கிறது, எதை எங்கே நுழைத்தார்கள் என்று கேட்பார்கள். ‘பார்த்துப் பார்த்துச் செய்த’ என்பதுதான் எனக்குப் பிடித்தது, கவனமும் பொறுமையும் அதிலேயே இருக்கின்றன. அடைமொழியாக அதையே வைத்துக்கொள்ளலாம். பெயர்ச்சொல்லாக வேண்டுமென்றால் மெனக்கெடல். அது கொச்சை என்று தள்ளுகிறவர்களுக்கு: ‘வினைகெடு’ என்பதன் திரிபுதான் அது, தன் வேலையைக் கெடுத்துக்கொண்டு இதில் இறங்குவது. ‘வெட்டியாக மெனக்கெட்டேன்’ என்று சலித்துக்கொள்வதும் உண்டே என்பீர்கள், உண்டுதான், ‘வெட்டியாக’ என்பதைத் தனியே சேர்க்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

அடுத்து டிஸ்கம்ஃபர்ட். மருத்துவக் குறிப்பேடுகளை மொழிபெயர்க்கும்போது நான் அதிகம் முட்டிக்கொள்வது இந்த இடத்தில். ‘அசௌகரியம்’ ரயில் தாமதத்துக்குச் சரி, வயிற்றுக்கு ஒட்டாது. ‘உபாதை’ பழகிய சொல்தான், ஆனால் ‘இயற்கை உபாதை’ முந்திக்கொண்டு நினைவுக்கு வருகிறது. நான் முதலில் ‘உறுத்தல்’ என்று வைத்திருந்தேன். கண்ணில் தூசி, செருப்புக்குள் கல்: வலி என்று சொல்ல முடியாது, சும்மா இருக்கவும் விடாது. இன்னொரு காரணமும் இருந்தது. எதையும் நுணுகிப் பார்ப்பவரைச் சொல்லும் ஸ்க்ருபுலஸ் (scrupulous) என்ற ஆங்கிலச் சொல்லும் இலத்தீனில் சின்னக் கூர்ங்கல்லிலிருந்து பிறந்ததுதான், கல் உறுத்துவதே கவனமாக மாறியிருக்கிறது. கேட்கப்பட்ட இரண்டு சொல்லுக்கும் ஒரே வேர் கிடைத்துவிட்டது என்று கொஞ்சம் குஷியாகவே இருந்தேன்.

அப்புறம் ஒரு படிவத்தில் ‘செஸ்ட் டிஸ்கம்ஃபர்ட்’ வந்தது. ‘நெஞ்சு உறுத்தல்’ என்று தட்டச்சு செய்துவிட்டுப் படித்துப் பார்த்தால், நோயாளி ஏதோ தப்பு செய்துவிட்டுக் குற்றவுணர்வில் இருப்பது போல இருக்கிறது! இது வேடிக்கையோடு போகிற விஷயமும் இல்லை. மாரடைப்பு எல்லோருக்கும் வலியாக வருவதில்லை. அழுத்தம், இறுக்கம், பாரம் ஏற்றியது போல என்றுதான் பலர் உணர்கிறார்கள். ‘நெஞ்சு வலி இருக்கா?’ என்று கேட்டால், ‘வலி இல்லைங்க, என்னமோ அடைக்கிற மாதிரி இருக்கு’ என்பார்கள். படிவத்தில் வலி என்ற ஒரே கட்டம் இருந்தால் அதில் ‘இல்லை’ விழுந்துவிடும்.

அதனால் உறுத்தலைக் கைவிட்டுவிட்டேன். பொதுச்சொல்லாக ‘உடற்சங்கடம்’ என்று பரிந்துரைக்கிறேன். ‘வயிறு சங்கடமா இருக்கு’ என்பது வாயில் புழங்குவதுதான், தர்மசங்கடத்தோடு குழம்பாமலிருக்க முன்னால் ‘உடல்’ நிற்கட்டும். நெஞ்சுக்கு மட்டும் பொதுச்சொல்லே வேண்டாம், ‘நெஞ்சில் வலி, அழுத்தம், இறுக்கம் அல்லது பாரம்’ என்று விரித்தே எழுதலாம். இடம் பிடிக்கும், பரவாயில்லை. கலைச்சொல் பட்டியலில் ஒரு பதிவுக்கு நான்கு சொல் போடக்கூடாது என்று விதி ஏதும் இருக்கிறதா? பட்டியலைப் பராமரிப்பவர்கள் சொல்லுங்கள்.