மூடுபனியைத் துளைக்கும் கண்ணாடி: என் கார்ட்டூன் தப்பா?

கேள்வி: கட்டபெட்டு டீச்சர்

கோத்தகிரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். சின்ன வயதிலிருந்தே படம் வரையும் பைத்தியம் உண்டு. மே விடுமுறையில் கைபேசியிலேயே வரைந்து வரைந்து அகச்சிவப்பு வானியல் பற்றி, அதாவது சிவப்புக்கு அப்பால் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் வானத்தைப் பார்ப்பது பற்றி, மூன்று நிமிடக் கார்ட்டூன் ஒன்று செய்தேன். எட்டாம் வகுப்புக்குத்தான். குரல் எல்லாம் நானும் என் தங்கை மகனும்.

கதை இதுதான். மேட்டுப்பாளையம் இறங்கும் கடைசி பஸ். கொண்டை ஊசி வளைவில் மூடுபனி அப்பிக்கொள்கிறது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி "வரலாம், வரலாம், வரலாம்" என்கிறார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருப்பது பின்பக்கம். டிரைவர் சட்டைப் பையிலிருந்து அகச்சிவப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டுகிறார். மூட்டம் காணாமல் போகிறது. நடு ரோட்டில் காட்டுமாடு ஒன்று, மூக்கு மட்டும் தக்காளி மாதிரி சிவந்து, தும்முகிறது. டிரைவர் அப்படியே மேலே பார்க்கிறார். வானத்தில் ஒரு தூசி மேகம். அதற்குள்ளே தொட்டிலில் குட்டி நட்சத்திரங்கள் அழுகின்றன. "மூடுபனியைப் போலவே அந்தத் தூசியையும் அகச்சிவப்பு தாண்டிப் பார்க்கும்" என்று கண்டக்டர் சொல்ல, படம் முடிகிறது.

வகுப்பே ஆடிப்போனது, அவ்வளவு சிரிப்பு. எனக்கும் பெருமை தாங்கவில்லை. அப்போது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அவன் அப்பா அந்த ரூட்டிலேயே பஸ் ஓட்டுகிறவர். "டீச்சர், அப்படி ஒரு கண்ணாடி இருந்தா எங்க அப்பாவுக்கு ஏன் குடுக்கல? மூட்டம் போட்டா அவர் மஞ்ச லைட்டைப் போட்டுக்கிட்டு உருட்டிக்கிட்டே வர்றாரு. அம்மா பத்து மணி வரைக்கும் வாசல்லயே நிக்கும்."

நான் யோசிக்காமல் "விலை ஜாஸ்தி கண்ணா" என்றேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தக் கண்ணாடி உண்மையில் உண்டா என்றே எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் சின்னதாக ஒரு தேர்வு வைத்தேன். அகச்சிவப்பு என்றால் என்ன? "சிவப்புக் கண்ணாடி போட்டால் தெரிவது" என்று பலர். ஒருத்தி "காட்டுமாட்டின் சளி" என்று எழுதியிருந்தாள். தலைமையாசிரியர் புத்தகத்தில் இருக்கும் படமே போதுமே என்கிறார்.

மூடுபனியை அகச்சிவப்பு தாண்டுமா, தாண்டாதா? அப்புறம், சிரிப்பை விட்டுவிட வேண்டியதுதானா?

பதில்: குன்னூர் பொம்மைக்காரன்

டீச்சர், நான் கல்யாண அழைப்பிதழ் வீடியோ, கடை விளம்பரம் என்று அனிமேஷன் செய்து பிழைக்கிறவன். இயற்பியல் கேள்வியைத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். சிரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விட வேண்டாம். ஆனால் உங்கள் படத்தில் அதிகம் சிரிக்க வைப்பது எது? தும்மல். அதிலிருந்து அகச்சிவப்பை உருவிவிட்டாலும் தும்மல் அப்படியே நிற்கும், பிள்ளைகளும் அப்படியே சிரிப்பார்கள். அப்படியானால் பாடம் அந்தச் சிரிப்பில் இல்லை, பக்கத்து சீட்டில் டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருக்கிறது. கண்டக்டர் பின்பக்கம் பார்த்து "வரலாம்" என்பது நல்ல இடம். பார்க்க வேண்டிய திசையில் பார்க்காதவன் என்பதே உங்கள் பாடத்துக்கு நெருக்கமானது. அதைத்தான் வளர்த்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இது தொழில் ரகசியம். வகுப்பு சிரிக்கும்போது காது அடைத்துக்கொள்ளும். தும்மல் முடிந்த அரை நொடியில் முக்கியமான வசனம் வந்தால் யார் கேட்பார்கள்? இரண்டு நொடி சும்மா விடுங்கள். காட்டுமாடு கண்ணை மட்டும் சிமிட்டட்டும். பிறகு பேசுங்கள்.

பதில்: பழைய லென்ஸ்

அம்மா, தொலைநோக்கிக் கருவிகளோடு முப்பது வருஷம் மாரடித்துவிட்டு இப்போது கொடைக்கானலில் சும்மா இருக்கிறேன். நேராகச் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மூடுபனிக் காட்சி தப்பு. பையன் கேட்டது சரி.

அலை பெரிதா, குறுக்கே நிற்கும் துகள் பெரிதா என்பதுதான் கணக்கு. நட்சத்திரங்களுக்கு நடுவே இருக்கும் தூசி மிகப் பொடி. மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தூசி பெரும்பாலும் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் அரை மைக்ரான் சுமார். அகச்சிவப்போ அதைவிடப் பல மடங்கு நீளம். உண்ணிச்செடிப் புதரில் முயல் சிக்கிச் சுற்றும், யானை நேரே போய்விடும், அந்தக் கதைதான். ஆனால் நம் மலை மூட்டம் நீர்த்துளி. ஒவ்வொரு துளியும் பத்து மைக்ரான் சுமார் இருக்கும். அதற்கு முன்னால் சாதாரண ஒளி, அகச்சிவப்பு இரண்டுமே முயல்தான். போதாக்குறைக்கு நீர் அகச்சிவப்பை விழுங்கவும் செய்யும். உடம்பும் பொருள்களும் விடும் அகச்சிவப்பைப் பிடிக்கும் வெப்பக் கேமரா மெல்லிய மூட்டத்தில் ஓரளவு உதவலாம். கை நீட்டினால் விரல் தெரியாத மூட்டத்தில் உதவாது. மஞ்சள் விளக்கும் மஞ்சள் என்பதால் துளைப்பதில்லை. தாழ்வாக மாட்டி, வெளிச்சத்தைச் சாலையோடு பரப்புவதால்தான் கொஞ்சம் வழி தெரிகிறது. பையனிடம் இதையும் சொல்லுங்கள்.

உங்களுக்கு வேண்டிய உவமை புகை. புகைத்துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியது. அதனால்தான் தீயணைப்பு வீரர்கள் வெப்பக் கேமராவை வைத்துப் புகைக்குள் ஆளைத் தேடுகிறார்கள். உங்கள் ஊரில் தைலம் காய்ச்சும் கொட்டகை இல்லையா? அந்த அடுப்புப் புகைக்குள் டிரைவரைக் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

குட்டி நட்சத்திரங்கள் சரி, அதை விடவேண்டாம். கழுகு நெபுலா என்று ஒரு வாயு, தூசி மேகம் 6,500 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அதில் தூண் மாதிரி நிற்கும் பகுதிகளை 1995-ல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தில் தூசி சுவர் மாதிரி அடைத்து நிற்கும். 2022-ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி அதே இடத்தை அகச்சிவப்பில் எடுத்தபோது சுவர் பாதி கரைந்து, உள்ளே புது நட்சத்திரங்கள் பொரிப்பொரியாகத் தெரிந்தன. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால் வசனமே வேண்டாம். நம் பால்வீதியின் மையத்தில் சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறையுள்ள கருந்துளை இருப்பதும், தூசிக்குப் பின்னால் அதைச் சுற்றி ஓடும் நட்சத்திரங்களை வருஷக்கணக்கில் அகச்சிவப்பில் தொடர்ந்து பார்த்ததால் தெரிந்ததுதான். ரைன்ஹார்ட் கென்சல், ஆண்ட்ரியா கெஸ் என்ற வானியலாளர்களுக்கு 2020 இயற்பியல் நோபல் அதற்குத்தான்.

சிவப்பு விஷயம். பெயரிலேயே சிவப்பை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? வெப் படங்களில் இருக்கும் நிறம் நாம் ஏற்றியது. நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசை மாறாமல் ஏற்றுகிறார்கள். காதுக்கு எட்டாத கீழ் சுருதியில் இருக்கும் பாட்டை நாலு கட்டை ஏற்றிப் பாடுவது போல, மெட்டு மாறாது. சிரிப்புக் காட்சி வேண்டுமென்றால் 1800-க்குப் போங்கள். வில்லியம் ஹெர்ஷெல் முப்பட்டகத்தால் வெயிலைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்தார். சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானிதான் எல்லாவற்றையும்விட அதிகம் ஏறியது. வேலை கொடுக்காத ஆள் சம்பளம் அதிகம் வாங்கிய கதை.

பதில்: ஹட்டிக்காரர்

டீச்சருக்கு வணக்கம். நான் ஒன்றரை ஏக்கர் தேயிலைக்காரன், படிப்பு பத்தாவது. லென்ஸ் ஐயா சொன்னது எங்களுக்குப் பழைய சங்கதி. அதற்கு அகச்சிவப்பு என்று பெயர் என்பதுதான் புதுசு.

மார்கழி, தை மாசத்தில் ராத்திரி வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தால் வயிற்றைக் கலக்கும். பள்ளத்தில் இருக்கும் செடிகள் விடிவதற்குள் உறைபனியில் கருகிவிடும். அதே குளிரில் மூட்டம் கவிழ்ந்திருந்தால் நிம்மதியாகத் தூங்குவோம். பூமியின் சூடு மேலே ஓடிவிடாமல் மூட்டம் போர்வை மாதிரி பிடித்துக்கொள்ளும் என்று என் அப்பா சொல்வார். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளின் மேல் மிலார் செடியைப் பரப்பி மூடுவதும் இதே போர்வை வேலைதான்.

என் மகன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் பார்க்கிறான். அவனிடம் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி உண்டு, தொடாமலே காட்டும். போன ஜனவரியில் விளையாட்டாக வானத்தைச் சுட்டேன். காற்று 3 டிகிரி, புல் மைனஸ் 2, வானம் மைனஸ் 28! மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து மூட்டத்தைச் சுட்டால் பிளஸ் 6. உங்கள் டிரைவருக்கு அந்தக் கண்ணாடியை மாட்டினாலும் ஆறு டிகிரிச் சுவர்தான் தெரியும்.

பதில்: பழைய லென்ஸ்

ஐயா, உங்கள் மெஷின் கெடவில்லை. அந்தத் துப்பாக்கி 8 முதல் 14 மைக்ரான் வரை பார்க்கும். தெளிந்த காற்று அந்த அலைகளுக்குக் கிட்டத்தட்டத் திறந்த ஜன்னல். தரையிலிருந்து அகச்சிவப்பைப் பார்க்கும் தொலைநோக்கிகளும் இது போன்ற ஜன்னல்கள் வழியாகத்தான் எட்டிப் பார்க்கின்றன. அகச்சிவப்பின் பெரும்பகுதியைக் காற்றில் இருக்கும் நீராவியே மறித்துவிடும். அதனால்தான் லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில், வறண்ட ஹான்லேயில் போய்த் தொலைநோக்கி வைத்தார்கள். ஜேம்ஸ் வெப்பைப் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்பினார்கள். தொலைநோக்கியே சூடாக இருந்தால் அதன் உடம்பே அகச்சிவப்பில் ஒளிரும். பெட்ரோமாக்ஸைத் தலையில் வைத்துக்கொண்டு மின்மினி தேட முடியுமா? அதனால் வெப்புக்கு டென்னிஸ் மைதான அளவில் ஐந்தடுக்குக் குடை.

டீச்சர், பிள்ளைகள் துப்பாக்கியைச் சூரியன் பக்கம் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்: கட்டபெட்டு டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. ஒரு மாதம் கழித்து வருகிறேன், கோபிக்க வேண்டாம். ஹட்டிக்கார அண்ணா சொன்னதைப் படித்ததும் முதலில் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "விலை ஜாஸ்தி என்று சொன்னது பொய், டீச்சருக்குத் தெரியவில்லை" என்று சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்று பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டினான்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து நெற்றியில் காட்டும் வெப்பமானியை ஒரு மணி நேரம் கடன் வாங்கினேன். கொரோனா சமயத்தில் தினமும் பார்த்த சாமான் என்பதால் பிள்ளைகள் தானாகவே வரிசையில் நின்றுவிட்டார்கள். எல்லோர் நெற்றியும் ஆனபிறகு ஒருத்தி அதை வானத்துக்குக் காட்டினாள். எண்ணே வரவில்லை, 'லோ' என்று காட்டியது. "டீச்சர், வானத்துக்குக் காய்ச்சல் இல்ல!" அந்த வரியை அப்படியே படத்தில் போட்டுவிட்டேன். பொம்மைக்கார அண்ணே, உங்கள் சோதனை சரிதான்: அகச்சிவப்பை எடுத்துவிட்டால் அந்தச் சிரிப்பு நிற்காது.

புதுப் படத்தில் டிரைவர் கண்ணாடியை மாட்டியதும், "டேய், முன்னாடி மூட்டம் மட்டும்தான் இருந்துச்சு, இப்ப சுவரே கட்டிட்டானுங்க" என்கிறார். தைலக் கொட்டகைப் புகையில் மாட்டினால் ஒளிந்து பீடி பிடிக்கும் கண்டக்டர் மாட்டிக்கொள்கிறார். தும்மலை எடுத்துவிட்டேன், மனசே இல்லாமல்தான். யாருக்கும் சிவப்பு இல்லை. காட்டுமாடு மஞ்சளும் ஊதாவுமாகக் கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி நிற்கிறது.

கடைசியில் ஊட்டிப் பக்கத்து முத்தோரை ரேடியோ தொலைநோக்கியை ஒரு பெரியப்பாவாக வரைந்து சேர்த்தேன். 1970-லிருந்து மலைச்சரிவில் சாய்ந்து படுத்திருப்பவர், நீளம் 530 மீட்டர். அவர் பார்ப்பது கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீள அலை என்பதால் மூட்டம் அவரை ஒன்றும் செய்வதில்லை. "மழையா, மூட்டமா, எனக்கென்ன, நான் பாட்டுக்கு வேலை பார்ப்பேன்" என்று கொட்டாவி விடுவார்.

படம் முடிந்ததும் கடைசி பெஞ்ச் மறுபடி எழுந்தது.

"அப்போ அந்தப் பெரியப்பாவை எங்க அப்பா பஸ் மேல மாட்டலாமா டீச்சர்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்துப் பையன் சொல்லிவிட்டான்: "வளைவுல திரும்பாதுடா."