மருத்துவமனையில் தொழுகை அறை: தனியாக வேண்டுமா, எல்லோருக்கும் ஒன்றா?

திருச்சி கட்டடக்காரன்
மாவட்டத் தலைநகர் ஒன்றில் வரப்போகும் அரசு மருத்துவமனைக்கு வரைபடம் போடும் குழுவில் இருக்கிறேன். தரைத்தளத்தில் மாடிப்படிக்குப் பக்கத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கட்டம் போட்டு, 'பிரார்த்தனை அறை' என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவுதான். தண்ணீர் வசதி இல்லை, செருப்பு விடும் இடம் இல்லை, பெண்களுக்கு வழி இல்லை. தொழுகைக்கென்று தனி அறையும், ஒட்டியே ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்யும் இடமும் வேண்டும் என்கிறேன் நான். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று போதும் என்கிறார்கள் கூட இருப்பவர்கள்.

வேறொரு மருத்துவமனையில் ஒரு முதியவரைப் பார்த்ததிலிருந்து இது மனசை விட்டுப் போகவில்லை. கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி, வலது காலை வாஷ்பேசினில் தூக்கி வைத்தார். பேசின் 80 சென்டிமீட்டர் உயரம். கீழே வழவழப்பான டைல்ஸ், அதில் ஏற்கெனவே தண்ணீர். கால் மாற்றும்போது சறுக்கியது, நான்தான் தோளைப் பிடித்தேன். "தினம் இப்படித்தான் தம்பி" என்றார். அவருக்கு வேண்டியது 40 சென்டிமீட்டரில் உட்கார ஒரு திண்டு, முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு குழாய், வாட்டம் சரியாக எடுத்த தரை, தண்ணீர் வடிய ஒரு நானி டிராப். வேறு எதுவும் இல்லை.

செங்கை செல்வம்
தோழர், அந்தப் பெரியவர் விழாமல் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அரசுப் பணத்தில் ஒரு மதத்துக்கு மட்டும் அறை என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அண்ணா முதல்வராக இருந்த 1968இல், அரசு அலுவலகங்களில் சாமி படங்களை அகற்றச் சொல்லிச் சுற்றறிக்கை போன மாநிலம் இது. கவுகாத்தி விமான நிலையத்தில் தொழுகை அறை கேட்ட பொதுநல வழக்கில்கூட, அறை இல்லாததால் எந்த உரிமை பறிபோகிறது என்றுதான் 2023இல் உயர் நீதிமன்றம் கேட்டது. தொழுகையைச் சுத்தமான எந்த இடத்திலும் செய்யலாம், பயணத்தில் சேர்த்தும் சுருக்கியும் தொழலாம் என்று முஸ்லிம் நண்பர்களே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் தனி அறை எதற்கு?

காயல் நூர்
செல்வம் அண்ணே, எங்கேயும் தொழலாம் என்பது உண்மை. அதனால்தான் வாப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது 22 நாள் மாடிப்படித் திருப்பத்தில் தொழுதேன். ஸ்ட்ரெச்சர் லிப்ட் பழுதான ஒரு நாள், நோயாளியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு நான்கு பேர் படியேறி வந்தார்கள். நான் சுஜூதில், நெற்றியைத் தரையில் வைத்தபடி இருந்தேன். அவர்கள் நின்றார்கள். எனக்காக ஒரு நோயாளி காத்திருந்தார் என்ற வெட்கம் இன்றும் இருக்கிறது. தொழுகிறவனுக்கு மட்டுமா அறை தேவை? அந்தப் படியில் நடக்க வேண்டியவர்களுக்கும்தான்.

பயணச் சலுகை பற்றி: நாங்கள் ஷாஃபி என்ற சட்டப்பிரிவைச் சேர்ந்தவர்கள். ஓர் ஊரில் நான்கு நாள் தங்குவது என்று முடிவு செய்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. ஹனபி என்ற இன்னொரு சட்டப்பிரிவில் அது பதினைந்து நாள். வாரக்கணக்கில் நோயாளியோடு இருப்பவருக்கு இரண்டுமே உதவாது. உள்ளூர்க்காரருக்கு அந்தப் பேச்சே இல்லை.

ஈப்போ குணா
நான் மலேசியாவில் பேரங்காடி ஒன்றில் பராமரிப்பு வேலை. இந்துதான். இங்கே பேரங்காடி, பெட்ரோல் நிலையம், நெடுஞ்சாலை ஓய்விடம் என எல்லா இடத்திலும் சூராவ், அதாவது தொழுகை அறை உண்டு. பதினோரு வருடமாக அதைச் சுத்தம் செய்து வைக்கும் குழுவில் இருப்பவன் சொல்கிறேன்: கெட்டுப்போவது எப்போதும் தண்ணீரிலிருந்துதான். ஒளு செய்த ஈரக் காலோடு நேராகக் கம்பளத்தில் ஏறினால் மூன்றே மாதத்தில் வாடை வரும். இரண்டுக்கும் நடுவே ஆறேழு அடியாவது தண்ணீர் வடியும் நடை இருக்க வேண்டும், ரப்பர் விரிப்போடு. உள்ளே காற்றை இழுக்கும் விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அழுத்தினால் சில நொடியில் தானே நிற்கும் குழாய் போடாதீர்கள். கையைக் கழுவ இன்னொரு கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அலுத்துப்போய் ஆட்கள் அதைக் குச்சி வைத்து அடைத்துவிடுவார்கள். முழங்கையால் தள்ளும் நீளக் கைப்பிடிக் குழாய்தான் நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா விபூதி பூசிக் கண்ணை மூடி உட்கார அந்தப் பேரங்காடியில் இடம் இல்லை. செல்வம் கேட்பதில் எனக்கும் கொஞ்சம் ஒட்டுதல் உண்டு.

பரங்கிப்பேட்டைப் பெண்
இதுவரை பேசியது எல்லாம் ஆண்கள் தொழும் கதை. பெண்களுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும்: ஒரு மூலை, ஒரு திரை, அந்தத் திரைக்குப் பின்னால் உடைந்த நாற்காலிகள். ஒளு செய்ய முக்காட்டை எடுக்க வேண்டும், கையை முழங்கை வரை மடக்க வேண்டும், தலையில் நீர் தடவ வேண்டும். ஆண்கள் வரிசையில் நிற்கும் கழிப்பறை வாசலில் அதை எப்படிச் செய்வது? உம்மாவை ஐசியூவில் வைத்திருந்த ஒன்பது நாளும் கழிப்பறைக்குள் போய் உள்தாழ் போட்டு, வாளியில் ஒளு செய்தேன். துப்புரவு அக்கா ஒருவர் வெளியே காவல் நின்றார். குணா அண்ணா, உங்கள் ஊரில் பெண்களுக்குத் தனியே இடம் உண்டுதானே?

ஈப்போ குணா
உண்டு தங்கச்சி. தனி வாசல், தனி ஒளு இடம். தொழும்போது போட்டுக்கொள்ள வெள்ளை தெலெகோங் உடையும் தொங்கும். வாரம் ஒருமுறையாவது துவைக்காவிட்டால் நெற்றிப் பக்கம் மஞ்சளாகி யாரும் தொடமாட்டார்கள். வைப்பதாக இருந்தால் துவைக்கும் ஆளையும் சேர்த்து யோசியுங்கள்.

செங்கை செல்வம்
சகோதரி சொன்னதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கால் கழுவும் இடம், பெண்களுக்கு உள்தாழுடன் தனி இடம், இரண்டையும் முழு மனதோடு ஆதரிக்கிறேன். வயலிலிருந்து சேற்றுக் காலோடு வரும் விவசாயிக்கும் அது உதவும். ஆனால் அறை எல்லோருக்கும் ஒன்றுதான். அதிலும் எனக்கு ஓர் அச்சம் இருக்கிறது. ஜெர்மனியில் டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2012இல் எல்லோருக்குமாக ஓர் அமைதி அறை திறந்தது. முஸ்லிம் மாணவர் சிலர் நடுவில் தடுப்பு வைத்து, சின்னப் பகுதியைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். 2016இல் பல்கலைக்கழகம் அறையையே மூடியது. அந்தப் பக்கத்துத் தவறையும் பேச வேண்டாமா?

காயல் நூர்
பேசலாம். அங்கே செய்தது தவறு, மழுப்ப மாட்டேன். ஆனால் அது அறை ஒன்றாக இருந்ததால் வந்த சிக்கலும்கூட. முன்னால் ஒரு படம் இருந்தால் அதை நோக்கி எங்களால் தொழ முடியாது. இன்னொருவர் மன நிம்மதிக்காக அம்மன் படத்தை வைத்துச் சூடம் ஏற்றினால் அதை எடுக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அவரும் பிள்ளைக்கு ஆபரேஷன் என்று வந்தவர். ஒரே அறையில் போட்டு எங்கள் இருவரையும் மோதவிடாதீர்கள். எத்தனையோ ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, அதன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

செங்கை செல்வம்
எனக்கு உண்டு, நூர் பாய். அரசு வளாகத்தில் அந்தக் கோயிலும் கூடாது என்றுதான் எங்கள் ஊரில் மனு கொடுத்தேன். ஒரே அளவுகோல்தான். அறையில் படமும் வேண்டாம், சூடமும் வேண்டாம். வெறும் அறை.

திருச்சி கட்டடக்காரன்
வெறும் அறைக்கும் திசை உண்டு தோழர். பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தில் கலைஞர் குந்தர் யூக்கர் எல்லா மதத்தாருக்குமாக ஒரு தியான அறை செய்தார். தரைக் கல்லில் மெல்லிய விளிம்பு ஒன்று கிழக்கைக் காட்டும். மக்காவை நோக்குபவருக்கும் ஜெருசலேமை நோக்குபவருக்கும் அது போதும். அப்படி ஒரு கோடு நம் தரையிலும் போடலாம். தமிழ்நாட்டில் கிப்லா, அதாவது தொழும் திசை, நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 20 டிகிரி வடக்கே.

அறைச் சுவரே அந்தத் திசைக்கு ஒத்து நின்றால் ஒரு ஸஃப்புக்கு (தொழும் வரிசைக்கு) 120 சென்டிமீட்டர், ஓர் ஆளுக்கு 60 என்று வைத்து, பத்துக்குப் பன்னிரண்டில் 12 பேர் தொழலாம். இப்போதைய வரைபடத்தில் அறை கோணலாக நிற்கிறது. வரிசைகளைச் சாய்த்துப் போட்டுப் பார்த்தேன், ஏழு பேர்தான். அதனால் அறையை மேற்குப் பக்கத்துக்கு மாற்றக் கேட்கப்போகிறேன். தனி அறையா பொதுவா என்பதில் நானும் செல்வமும் ஒத்துப்போகப் போவதில்லை, தனி அறை என்றே எழுதிக் கொடுப்பேன். அதை மறுத்தாலும் ஒளு செய்யும் இடத்தை விடமாட்டேன். பெண்கள் பக்கம் நான்கு குழாய், உள்தாழ், தனி வாசல். ஆண்கள் பக்கம் ஆறு. சகோதரி, வேறு ஏதாவது விட்டுப்போயிற்றா?

பரங்கிப்பேட்டைப் பெண்
குழாய்க்குப் பக்கத்தில் தோள் உயரத்தில் இரண்டு கொக்கி வையுங்கள் அண்ணா. ஒன்று துப்பட்டாவுக்கு. இன்னொன்று மருந்துச் சீட்டும் பணமும் இருக்கும் பைக்கு. அதை ஈரத்தரையில் வைக்க முடியாமல் ஒன்பது நாளும் பல்லில் கடித்துக்கொண்டு ஒளு செய்தேன்.