சென்னைய விட்டு ஆந்திரா பார்டர் பக்கம் குடி வந்தவங்க உங்க அனுபவத்த சொல்லுங்க

மொதல்ல என்னோடத சொல்றேன். மேற்கு மாம்பலத்துல 14 வருஷம் வாடகைக்கு இருந்தோம். எனக்கு வேலையும் சோறும் குடுத்த ஊரு, அத கொற சொல்ல மனசு வராது. ஆனா 2019 வெயில்ல ஏரி எல்லாம் காஞ்சு கெடந்தப்ப விடிகாலை நாலு மணிக்கு குடத்தோட லாரிக்கு நின்னு, அப்புறம் ஆபீஸ் ஓடி, ராத்திரி வந்து படுத்தா நாளைக்கு லாரி வருமா வராதான்னே மனசு ஓடும், பொண்ணு ஸ்கூல் கதைய சொன்னா காதுலயே ஏறாது. அப்பதான் வீட்டுக்காரர்ட்ட சொன்னேன், நமக்கு இந்த ஊர் போதும்ங்கன்னு.

2021ல ஊத்துக்கோட்டை வந்தோம். வந்த புதுசுல ஒரு நாள் சாயங்காலம் ஜீரோ பாயிண்ட் பாக்கப் போனோம், கண்டலேறு அணைல இருந்து கிருஷ்ணா தண்ணி கால்வாய் தமிழ்நாட்டுக்குள்ள நொழயற எடம். கரைல எருமை ஓட்டிட்டு வந்த தாத்தா ஒருத்தர் பாதி தெலுங்கு பாதி தமிழ்ல எந்த ஊரும்மான்னாரு. மெட்ராஸ்னேன். தண்ணிய கை காட்டி "இது மீ ஊருக்குத்தாம்மா போகுது"ன்னாரு. ஆந்திராவுலயே 152 கிலோமீட்டர் ஓடி வந்து, இங்கருந்து இன்னும் 25 கிலோமீட்டர் போயி பூண்டி ஏரில விழுது. 1996ல மொத தண்ணி வந்தப்ப ஊரே கரைல நின்னுச்சாம், அவரும் நின்னாராம். எனக்கு பேச்சே வரல, அப்படியே உக்காந்துட்டேன். குடத்த புடிச்சுட்டு லாரிக்காரர்ட்ட சண்ட போட்டப்ப எல்லாம் அந்தத் தண்ணி யாரு வயலோரமா வருதுன்னு ஒரு நாள் கூட நெனச்சதில்ல.

கஷ்டமும் இருக்கு, மறைக்க மாட்டேன். ஊத்துக்கோட்டைக்கு ட்ரெயின் கெடையாது, ரெட்ஹில்ஸ் போயி பஸ் மாறணும், ஆபீஸ் போக ரெண்டு மணி நேரத்துக்கு மேலயே ஆகுது, அதனால வாரத்துக்கு மூணு நாள்தான் போறேன், சம்பளமும் கொறஞ்சுது. பிரதோஷம் அன்னிக்கு சுருட்டப்பள்ளி கோயில் கூட்டத்துல ரோடே நகராது. ஆனா பக்கத்து வீட்டம்மா "ரா அம்மா"ன்னு கூப்பிட்டு தட்டு போட்டுடுவாங்க, பொண்ணு இப்ப என்ன விட நல்லா தெலுங்கு பேசுறா.

◆

அக்கா, நாங்க பெரம்பூர்ல இருந்து ஆரம்பாக்கம் வந்தோம், தமிழ்நாட்டுப் பக்கம் இதுதான் கடைசி ஸ்டேஷன், அடுத்தது தடா. எங்களுக்கு ட்ரெயின் இருக்கு, ஆனா வண்டி எண்ணிக்கை கம்மி, ஒண்ண விட்டா அவ்ளோதான், கும்மிடிப்பூண்டில எறங்கி பஸ் புடிக்கணும். அம்மாவுக்கு இங்க மனசே ஒட்டல, பேச ஆள் இல்லன்னு தெனம் அழுவாங்க. 2023 ஜூலை 14, சந்திரயான் 3 போன அன்னிக்கு மத்தியானம் டீக்கடைக்கார அம்மா கடைய அப்படியே விட்டுட்டு வந்து எங்கம்மா கைய புடிச்சு வெளிய இழுத்துட்டு போனாங்க. 2.35க்கு ஸ்ரீஹரிகோட்டா பக்கம் நெருப்பு எழும்பி மேல போச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுதான் சத்தம் வந்துச்சு, நெஞ்செல்லாம் அதிருச்சு. ரெண்டு பேரும் கும்பிட்டுட்டு நின்னாங்க. இப்ப ராக்கெட் விடற அன்னிக்கெல்லாம் பெரம்பூர் சிநேகிதிங்களுக்கு அம்மாவே போன் போட்டு கெளம்பி வாங்கடின்றாங்க.

◆

நாங்க கவரைப்பேட்டைல ரெண்டு வருஷம் இருந்துட்டு திரும்பிட்டோம். அப்பாவுக்கு வாரம் மூணு தடவ டயாலிசிஸ், அவர அவ்ளோ தூரம் தூக்கிட்டு அலைய முடியல. வீட்ட விக்கல, பூட்டி வெச்சிருக்கோம், வாசல்ல நட்ட மாமரம் இந்த வருஷம்தான் பூ விட்டிருக்காம், பக்கத்து வீட்டு அண்ணன் போட்டோ அனுப்புனாரு.

அக்கா, கால்வாய்ல இப்ப தண்ணி வருதா?